எலும்புச் சாப்பாடு

நாய் பிஸ்கட் எப்படி இருக்கும் என்று தின்று பார்த்தவன் நான். மாட்டுங்காவில் நாய் டாக்டரிடம் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் நாளே, மருந்து அலமாரிக்குப் பின்னால் நின்று ஒரு துண்டைக் கடித்தேன். பல் ஆடிப்போயிற்று. உப்பு இல்லை, இனிப்பு இல்லை, பழைய சாக்கு வாசனை. ஆனால் அந்தச் சீமை டப்பாவின் மேல் அச்சடித்திருந்ததை வாசிக்க வாசிக்க எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. ஒரு நாய்க்கு என்ன ஆகாரம் வேண்டும் என்று உட்கார்ந்து யோசித்து, அளந்து, சுட்டு, டப்பாவில் அடைத்து, கப்பலேற்றி அனுப்புகிற மனிதர்கள் இருக்கிறார்கள்! தாராவியில் எங்கள் சந்து நாய்கள் மீன் முள்ளுக்குச் சண்டை போடுவதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இது சின்னச் செய்தியா?

அப்போது எனக்கு வயது பத்தொன்பது. யுத்தம் தொடங்கி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ரேஷன் இன்னும் வரவில்லை. என் அப்பா தோல் கம்பெனியில் தோல் சுரண்டுகிறவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை முதலில் மிதித்தவன் நான்தான். மெட்ரிக் பாஸானபோது அப்பா சந்து முழுக்கச் சர்க்கரை கொடுத்தார். பையன் கோட்டைப் பக்கம் பெரிய ஆபீஸில் உட்காருவான் என்று எல்லாரும் நினைத்திருக்க, நான் போய்ச் சேர்ந்தது நாய் ஆஸ்பத்திரியில், எழுத்து வேலைக்கு.

பக்கத்து வீட்டு மதினி விடுவாளா? உறவில் அவள் எனக்கு மதினி இல்லை. ஊர் வழக்கப்படி நான் அப்படிக் கூப்பிடுவேன், அவள் என்னைக் கொழுந்தனாரே என்பாள்.

"ஏன் கொழுந்தனாரே, இத்தன வருசம் படிச்சது நாய் வாயில தெர்மாமீட்டர் வைக்கதுக்கா?"

"வாயில வைக்க மாட்டாவ, மதினி."

"பொறவு எங்கன வைப்பாவ?"

சொன்னேன். குழாயடியில் நின்ற அத்தனை பேரும் குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள்.

ஆனாலும் என்னிடம் அடிக்கடி காகிதம் கொண்டுவருகிறவள் அவள்தான். அவள் புருஷன் பட்டாளத்தோடு கூலி வேலைக்கு எகிப்துக்குப் போயிருந்தார். அவருக்கு எழுதத் தெரியாது. அவ்வப்போது பட்டாள ஆபீஸிலிருந்து இங்கிலீஷில் ஒரு காகிதம் வரும். அதை நான்தான் வாசித்துச் சொல்ல வேண்டும். மில் நோட்டீஸ், தந்தி, முனிசிபாலிட்டிக் காகிதம், எங்கள் சந்துக்கு வருவது எதுவானாலும் என் கைக்குத்தான் வரும். நான் என்ன சொல்கிறேனோ அதுதான் அதில் எழுதியிருப்பது.

தெரியாத வார்த்தை வந்தால்? முன்னும் பின்னும் பார்த்து ஒரு மாதிரி ஊகித்துச் சொல்லிவிடுவேன். தெரியாது என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் அப்புறம் யார் வருவார்கள்? கம்பெனியில் என் அப்பா, "எம் மவன் வெள்ளைக்காரன் எழுதுனத அப்படியே நம்ம பாசையில சொல்லுவான்" என்று பேசிவைத்திருந்தார். அந்தப் பேச்சு பொய்யாகிவிடக் கூடாது என்பது மட்டும்தான் அந்த வயதில் என் பயம்.

என் டாக்டர் பாலக்காட்டுக்காரர். சுத்த சைவம். நாயின் காயத்தைக் கையால் தொடுவார், சீழை வழிப்பார், முகம் சுளிக்க மாட்டார். ஆனால் யாராவது இறைச்சிப் பொட்டலத்தோடு உள்ளே வந்தால் மூக்கில் கைக்குட்டை வந்துவிடும். அவர் மேஜைக்கடியில் பழைய வைத்தியப் பத்திரிகைகள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. நாய் வராத நேரமெல்லாம் அவற்றை வாசித்தேன். என்னென்ன கதைகள்! இடிதாங்கி விற்க லண்டனுக்கு வந்த ஓர் அமெரிக்காக்காரன், துறைமுகத்தில் மாலுமிகள் வீசியெறிந்த கப்பல் பிஸ்கட்டை நாய்கள் அடித்துக்கொண்டு தின்பதைப் பார்த்தானாம். இடிதாங்கியை விட்டுவிட்டு நாய்க்கு பிஸ்கட் சுட ஆரம்பித்துவிட்டானாம். முந்தின யுத்தம் முடிந்தபின் குதிரை இறைச்சியை டப்பாவில் அடைத்து நாய்க்கு விற்றார்களாம். எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. வெயில் படாமல் வைத்து வெறும் கஞ்சி ஊற்றி வளர்த்த நாய்க்குட்டிகளுக்குக் கால் வளைந்துபோனதாம். மீன் எண்ணெய் கொடுத்ததும் எலும்பு தேறியதாம். மனுஷக் குழந்தைகளின் கால் வளைவுக்கு வழி பிறந்தது அதிலிருந்துதான் என்று போட்டிருந்தது. நாய்க்கு என்ன போடுவது என்று தேடப்போய் மனுஷனுக்கு மருந்து கிடைத்திருக்கிறது!

அதைக் கண்ணாலேயே பார்த்தேன். மாட்டுங்காவில் ஒரு குடும்பம் மூன்றாம் மாடியில் நாய்க்குட்டி வளர்த்தது. கீழே இறக்குவதே இல்லை. மூன்று வேளையும் தயிர் சாதம். குட்டியின் முன்கால் இரண்டும் அடைப்புக்குறி போல வளைந்திருந்தன. டாக்டர் மீன் எண்ணெய் எழுதிக் கொடுத்தார்.

"மீன் எண்ணெயா? எங்காத்துலயா?" என்று அந்த மாமி பதறினாள்.

"உங்களையா குடிக்கச் சொன்னேன்? அதுக்குக் கோத்ரம் கிடையாது, மாமி. கொடுங்கோ. தினமும் மொட்டை மாடிக்குக் கொண்டுபோய் வெயில் காட்டுங்கோ."

இரண்டு மாதம் கழித்து அந்தக் குட்டி தானே படியேறி வந்து என் செருப்பைக் கடித்தது. நான் செருப்பைப் பிடுங்கக்கூட இல்லை. கடி ராஜா, கடி என்று விட்டுவிட்டேன்.

அந்த நாட்களில்தான் சேம்பூரிலிருந்து பார்ஸி அம்மாள் வந்தாள். தோட்டத்தோடு பங்களா, அதில் அவளும் ஓர் அல்சேஷன் நாயும் மட்டும். அந்த நாய்க்கு வயிறு சரியில்லாமல், எதைத் தின்றாலும் கழிந்து, எலும்பும் தோலுமாய்க் கிடந்ததை டாக்டர் சீமை பிஸ்கட்டில்தான் தேற்றியிருந்தார். இப்போது கப்பலில் சண்டைச் சாமான் வருகிறதே தவிர நாய் பிஸ்கட் வருமா? அந்த அம்மாள் கடைசி டப்பாவை மேஜைமேல் வைத்தாள்.

"டாக்டர் ஸாப், ஏக் ஹஃப்தா, ஒரு வாரத்துக்குத்தான் வரும். அப்புறம் மாரோ தீக்ரோ என்ன சாப்பிடும்?" தீக்ரோ என்றால் அவர்கள் பாஷையில் மகன். நாயைத்தான் அப்படிச் சொல்வாள்.

டாக்டர் டப்பாவைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "நாமளே சுட்டுட்டாப் போறது" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த இடிதாங்கிக்காரன் செய்ததை நாமா? பத்திரிகைக் கட்டிலிருந்து ஒரு தாளை உருவி என்னிடம் நீட்டினார். "உங்க பக்கத்துல பேக்கரி இருக்கோ?"

"எங்க சித்தப்பாவே பாவ் ரொட்டி சுடுறார், ஸார்."

"அப்போ இதைத் தமிழ்ல எழுதிண்டு போய் அவர்ட்ட கொடு. மாம்ச சமாசாரம் எல்லாம் அங்கேயே நடக்கட்டும்."

தாளில் நாலே வரி. வீட் மீல், மீட் மீல், போன் மீல், கொஞ்சம் மீன் எண்ணெய். மீல்! எனக்குத் தெரியாத வார்த்தையா? மாட்டுங்காவில் தினமும் நான் கடந்துபோகிற ஹோட்டல் வாசலில் 'மீல்ஸ் ரெடி' என்று பலகை தொங்குகிறது. ஓரத்தில் தமிழிலும் 'சாப்பாடு தயார்' என்று இருக்கும். முத்து முத்தாக எழுதினேன்: கோதுமைச் சாப்பாடு இரண்டு பங்கு, இறைச்சிச் சாப்பாடு ஒரு பங்கு, எலும்புச் சாப்பாடு சிறிதளவு, எல்லாம் சேர்த்துப் பிசைந்து சுடவும்.

சித்தப்பா எழுத்துக்கூட்டி வாசிப்பார். காகிதத்தை அடுப்பு வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு இரண்டு தடவை வாசித்தார்.

"எலும்புச் சாப்பாடா? ஏலே, சரியா எழுதிருக்கியா?"

"அச்சுல அப்படித்தான் இருக்கு, சித்தப்பா."

"அப்போ சரி. வெள்ளைக்காரன் நாய்க்கு நம்மள விட நல்லால்லா போடுதான்."

சித்தப்பா எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை. சாப்பாடு என்றால் சாப்பாடுதான். கோதுமை ரவையைக் கிண்டினார். ஆட்டுக்கறியைச் சின்ன வெங்காயமும் மிளகாயும் பட்டையும் அரைத்துப் போட்டுக் குழம்பு வைத்தார். நல்லி எலும்பை வேகவைத்து மிளகு தட்டிப் போட்டார். எல்லாவற்றையும் மாவோடு பிசைந்து உருட்டி அடுப்பில் தள்ளினார். பத்து நிமிஷத்தில் வாசனை சந்தைத் தாண்டிப் போயிற்று. கைவேலையைப் போட்டுவிட்டு எல்லாரும் பேக்கரி வாசலில் நின்றார்கள். மதினி ஒன்றை எடுத்துப் பிய்த்து வாயில் போட்டாள். கண்ணை மூடினாள்.

"அடுத்த பிறவியில சேம்பூர்ல நாயாப் பொறக்கணும், கொழுந்தனாரே."

அவ்வளவுதான். ஆளுக்கொன்றாகத் தட்டு காலியாயிற்று. என் அப்பா மூன்று தின்றார். ஒரு சின்ன டப்பா அளவை மட்டும் நான் மார்போடு அணைத்துக் காப்பாற்றி மறுநாள் டாக்டரிடம் கொண்டுபோனேன்.

டாக்டர் மூடியைத் திறந்தார். கைக்குட்டை மூக்குக்குப் போயிற்று. பிறகு ஒரு கண்ணால் உள்ளே பார்த்தார்.

"என்னடா இது, கல்யாண வீட்டு வாசனை வரது?"

நான் எழுதிக் கொடுத்ததை அப்படியே சொன்னேன். அவர் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். கண்ணில் நீர் வருகிறவரைக்கும் சிரித்தார். "எலும்புச் சாப்பாடு! இலை போட்டுப் பரிமாறணுமோ? அப்பளம் உண்டா?" சட்டென்று சிரிப்பு நின்றது. "வெங்காயம், மிளகாய். அந்த நாய் வயித்துக்கு இது விஷம்டா. நான் மோந்து பாக்காம அனுப்பியிருந்தா? உனக்கு இங்கிலீஷ் வரும்னு நம்பித்தானே கையில கொடுத்தேன். மீல்னா என்னன்னு நீயே கண்டுபிடி. ஞாயித்துக்கிழமை சேம்பூருக்குச் சரியான பிஸ்கட் போகணும்."

உள்ளே போய்விட்டார். எனக்குக் காது சுட்டது. நாயை விட, டாக்டரை விட, என் மனதில் வந்து நின்றது எங்கள் சந்துதான். இவன் வாசித்தது தப்பு என்று தெரிந்தால் இதுவரை வாசித்துச் சொன்ன காகிதமெல்லாம் என்ன ஆகும்?

சீக்கு நாய்களுக்குக் காலைக் கஞ்சி காய்ச்சும் நேரம். கை தன்பாட்டில் அலமாரிக்குப் போய் டப்பாவை எடுத்தது. தினமும் அள்ளிக் கரைக்கிற டப்பா. அதன் பேரை நான் ஒரு பேராகத்தான் பார்த்திருக்கிறேன், வாசித்ததே இல்லை. ஓட்மீல். ஓட். மீல்! உள்ளே சாப்பாடா இருக்கிறது? மூடியைத் திறந்து கையை விட்டேன். கரகரவென்று உடைத்த தானியம். மாவு! பொடி! கோதுமை மாவு, இறைச்சிப் பொடி, எலும்புப் பொடி! கரண்டி கீழே விழ, கூண்டுக்குள் இருந்த நாய் குரைக்க, நான் சிகிச்சை அறைக் கதவைத் தள்ளித் திறந்தேன்.

"ஸார், மீல்னா மாவு, ஸார்! அரைச்சது எல்லாமே மீல்தான், ஸார்!"

"கண்டுபிடிச்சுட்டியோ? நல்லது. கதவைச் சாத்து, பூனை ஓடிடும்."

அன்று சாயங்காலம் சித்தப்பா கேட்டார், "என்ன சொன்னாரு டாக்டரு? நாய் தின்னுச்சா?"

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அப்பா பக்கத்தில் நின்றார். "டாக்டர் செய்முறைய மாத்திட்டாரு, சித்தப்பா" என்று வந்துவிட்டது.

மாற்றிய செய்முறையை எப்படிச் செய்வது என்பதில் அந்த வாரம் முழுக்க எங்கள் வீடு பேக்கரியாகிவிட்டது. இறைச்சிப் பொடிக்கு அம்மாதான் வழி சொன்னாள்: "உப்புக்கண்டம் போட்டா இடிச்சிரலாம்லா." நாய்க்கு உப்பு கூடாது என்றேன். "உப்பில்லாமக் காயப்போட்டா புழு வச்சிரும்." அப்போது எனக்கு அடுப்பு நினைவு வந்தது. பாவ் சுட்டு எடுத்தபின் செங்கல் அடுப்பில் வெகு நேரம் சூடு நிற்கும். மெல்லிசாகக் கீறிய கறியை அதில் வைத்து மூடினோம். மறுநாள் சுள்ளி மாதிரி முறிந்தது! வேகவைத்துச் சதை நீக்கிய எலும்பையும் அப்படியே காயவைத்தோம். ஆனால் எதில் பொடிப்பது? மாவு மில் சேட் எலும்பு என்றதும் கும்பிட்டு வெளியே அனுப்பினார். அம்மா உரலின்மேல் உட்கார்ந்துகொண்டு, "இதுல அரிசி இடிக்கணும்லே, போ அங்கிட்டு" என்றாள். கடைசியில் டாக்டரே தன் மருந்து இடிக்கிற இரும்பு உரலைக் கொடுத்தார். "திருப்பித் தர வேண்டாம்" என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவப் போனார்.

சல்லடையில் சலித்தோம், மாவில் சேர்த்தோம், மீன் எண்ணெய் விட்டோம். சோடா கிடையாது, உப்பு கிடையாது. மாவு உப்பி வெடிக்காமலிருக்கக் கப்பல் பிஸ்கட்டில் ஓட்டை குத்துவார்கள் என்று வாசித்திருந்தேன். சித்தப்பா ஒரு பலகையில் ஆணி அடித்து அதால் அழுத்தினார். சுட்டு எடுத்ததைத் தரையில் போட்டார். ஓடு விழுந்த மாதிரிச் சத்தம்.

"ஏலே, இது வெளிய போனா எம் பேரு கெட்டுரும்."

முதல் தடவை ருசி கண்டவர்கள் மறுபடி கூடியிருந்தார்கள். மதினி ஆசையாக ஒன்றைக் கடித்தாள். துப்பினாள்.

"தூ! உப்புமில்ல, உறைப்புமில்ல. இத மனுசன் திம்பானா?"

"அதுதான் வேணும், மதினி! அதுதான் சரி!" என்று நான் குதித்தேன். எல்லாரும் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் டப்பாவோடு சயானில் ரயில் ஏறி, குர்லாவில் மாறி, சேம்பூரில் இறங்கினேன். பார்ஸி அம்மாள் வராந்தாவில் காத்திருந்தாள். அல்சேஷன் ஈசிசேர் பக்கத்தில் படுத்திருந்தது. ஒரு பிஸ்கட்டை அதன் முன்னால் வைத்தேன். மோந்தது. என்னைப் பார்த்தது. எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்விட்டது.

மீல் என்றால் மாவும் இல்லை, வேறு எதுவோ என்று எனக்குத் தோன்றிவிட்டது. நாய் வேலி ஓரமாய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தது. பிஸ்கட்டை வாயில் கவ்வி, ஈசிசேருக்கு அடியில் நுழைந்து, முன்னங்கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டது. கடக்! அந்தச் சத்தத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. கடக், மடக், கடக். தூளைக்கூட நக்கிவிட்டு, தலையை நீட்டி என்னைப் பார்த்தது. இன்னொன்று கொடுத்தேன்.

"அரே வாஹ்! மாரோ தீக்ரோ!" அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "என்ன போட்டீங்க இதிலே?"

"வீட் மீல், மீட் மீல், போன் மீல், மேடம்" என்றேன். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு நிச்சயமாக இங்கிலீஷ் பேசியதில்லை.

திரும்பி வரும்போது சயானில் ரயில் நிற்பதற்குள் குதித்துவிட்டேன். சந்தில் நுழைந்ததும், "நாய் தின்னுட்டு!" என்று கத்தினேன். சித்தப்பா மாவுக் கையோடு ஓடிவந்து என்னைத் தூக்கினார். அப்பா சிரித்துக்கொண்டு, "எம் மவன் வாசிச்சது தப்புமா?" என்றார்.

அப்போதுதான் மதினி வந்தாள். கையில் பழுப்புக் காகிதம். நேற்று வந்ததாம், நான் வருவதற்காக வைத்திருந்தாளாம்.

"கொழுந்தனாரே, நாய் வேலை முடிஞ்சிட்டுன்னா இதயும் வாசிங்க."

இரண்டே வரி. புருஷன் பேர், நம்பர். ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு டிப்போவுக்கு மாற்றியிருக்கிறார்கள். எந்த டிப்போ? கான்வலசென்ட் டிப்போ. அந்த வார்த்தையை நான் பார்த்ததே இல்லை. ஆஸ்பத்திரி என்பதே எங்களுக்குப் புதுச் செய்தி. ஊகிக்கலாம். ஊர்ப் பேர் என்று சொல்லிவிடலாம். சொல்ல வாய் வரவில்லை. ஹோட்டல் பலகை கண்ணுக்கு முன்னால் தொங்கியது.

"மதினி, அண்ணன் ஆஸ்பத்திரியில இருந்திருக்காவ. இப்ப வேற எடத்துக்கு மாத்திருக்காவ. அது என்ன எடம்னு, இந்த வார்த்தை எனக்குத் தெரியல."

"தெரியலயா?" அவள் முகம் வெளுத்தது. "உங்களுக்கா?"

நான் சித்தப்பா பக்கம் திரும்பினேன். "டாக்டர் செய்முறைய மாத்தல, சித்தப்பா. நான்தான் தப்பா வாசிச்சேன். மீல்னா மாவு. நான் சாப்பாடுன்னு எழுதிட்டேன்."

சித்தப்பா மெதுவாகக் கேட்டார், "அப்போ நான் அன்னைக்குக் கொழம்பு வச்சது?"

"நாய்க்குக் கொழம்பே கிடையாது, சித்தப்பா."

சித்தப்பாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அப்பா சிரிக்கவில்லை. மதினியும் சிரிக்கவில்லை. "இதுக்கு முன்ன வாசிச்ச காயிதம்லாம்?" என்றாள்.

"எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க, மதினி. டாக்டர் வீட்டுல அகராதி இருக்கு."

அவள் முந்தானையில் காகிதங்களை முடிந்துகொண்டு பின்னால் வர, நான் முன்னால் ஓட, சாயங்கால வெயிலில் மாட்டுங்கா போய்ச் சேர்ந்தோம். டாக்டர் ஆஸ்பத்திரிக்கு மேல் மாடியில் குடியிருந்தார். கீழே நின்று கூப்பிட்டேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு இறங்கி வந்து அகராதியைக் கையில் கொடுத்தார். பக்கம் ஒட்டிக்கொண்டது. விரலை வைத்து ஒவ்வொரு வார்த்தையாக இறங்கினேன். இருந்தது! நோய் தீர்ந்து உடம்பு தேறி வருகிற நிலை.

"மதினி! அண்ணன் தேறிட்டு வாராவ! தேறுறவங்களை வைக்கிற எடமாம்!"

"நெசமா? ஊகமா?"

"பார்த்துட்டுத்தான் சொல்லுதேன். இங்க பாருங்க, இதுதான் அந்த வார்த்தை." வாசிக்கத் தெரியாதவள் குனிந்து, நான் விரல் வைத்த இடத்தை வெகுநேரம் பார்த்தாள். பழைய காகிதங்களையும் அங்கேயே படியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாய்ப் பார்த்தோம். இரண்டு இடத்தில் நான் பிசகியிருந்தேன். பெரிய பிசகு இல்லை. இருந்தாலும் சொன்னேன்.

திரும்பி நடக்கும்போது அந்த ஹோட்டல் வந்தது. பலகை தொங்கியது. மதினி நின்றாள்.

"இதுல என்ன எழுதியிருக்கு, கொழுந்தனாரே?"

"மீல்ஸ் ரெடின்னு, மதினி."

"மாவு ரெடியா?"

"இங்க மட்டும் சாப்பாடு."

"பார்த்துச் சொல்லுங்க" என்றாள் மதினி. அன்று அப்போதுதான் அவள் முதல்முறையாகச் சிரித்தாள்.